கடலிலிருந்து எத்தனாவது தெரு?

மத்தியதரைக் கரையோரம் - 6

நீஸ் நகரிலிருந்து மேற்கே போகும் பாசஞ்சர் ரயிலில் இடது பக்க ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் டிக்கெட் காசு அங்கேயே வசூலாகிவிடும். ஆன்டீப் கோட்டை, பாய்மரப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும் துறைகள், கோல்ஃப் ஜுவான் வளைகுடா என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் நாற்பது நிமிடம். கான் வந்துவிடும். நம் பத்திரிகைகள் கேன்ஸ் என்று எழுதும் அதே ஊர்தான்.

விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் நீஸ் ஊருக்குள் போகவே வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நீஸ் சாந்தோகுஸ்தான் என்றொரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. கான் போகும் பாசஞ்சர் ரயில் அங்கேயே நிற்கும். விமான நிலைய வாசலிலிருந்து நேராகக் கான் போகும் சொகுசு பஸ்ஸும் உண்டு, ஆனால் ரயிலைவிடப் பல மடங்கு கட்டணம். காசு மிச்சப்பட வேண்டும், பொழுதும் நிறைய இருக்கிறது என்பவர்களுக்குக் கரையோரமாகவே ஊர்ந்து போகும் சாதாரண பஸ். கோடையில் அது இரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். ஒருமுறை அதில் போனால், இந்தக் கரையில் யார் வீட்டுக் கார் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுமையாக எண்ணிப் பார்க்கலாம்.

கான் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சிவப்புக் கம்பளம், கேமரா வெளிச்சம், வைரம். அதனாலேயே பலர் இந்த ஊரில் இறங்கவே தயங்குகிறார்கள். நமக்கென்ன அங்கே வேலை, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கவே சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு மருந்து ஊரின் வரைபடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.

தெற்கே கடல். மேற்கே எஸ்தெரெல் மலைத்தொடர், செம்மண் நிறப் பாறை. சாயங்காலம் சூரியன் அதற்குப் பின்னால்தான் இறங்கும். எதிரே கடலில், நீந்திப் போய்விடலாம் போலத் தெரியும் இரண்டு தீவுகள். கரையின் நடுவில் பழைய துறைமுகம். அதற்கு மேற்கே சூக்கே என்ற குன்று, அதுதான் பழைய ஊர். கிழக்கே வளைந்து போகும் க்ருவாசெட் கடற்கரைச் சாலை, பணக்கார ஊர். இரண்டுக்கும் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் கான்கிரீட் கட்டிடம் திரைப்பட விழா மாளிகை.

இனி கடலுக்கு இணையாகக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கோடு க்ருவாசெட். அதற்கு இரண்டு மூன்று கட்டிடம் தள்ளி இரண்டாவது கோடு, ரூ தான்டீப் என்ற கடைத்தெரு. அதற்கும் வடக்கே ழான் ழொரேஸ் தெரு, ரயில் நிலையம் இருக்கும் மூன்றாவது கோடு. ரயில் பாதைக்கு மேலே மூடி போட்டதுபோல ஒரு விரைவுச் சாலை ஓடுகிறது. அதைத் தாண்டினால் ரெபுப்ளிக், கார்னோ என்று ஊர்க்காரர்கள் குடியிருக்கும் வட்டாரங்கள், வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் நடத்தும் கறிக்கடைகள், சலூன்கள், மலிவான சாப்பாட்டுக் கடைகள். ரயில் நிலைய வாசலிலிருந்து ரூ தெ சேர்ப் வழியாக இறங்கினால் கடலுக்கு ஐந்தாறு நிமிடம்தான். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கான் முழுவதும் இந்த ஐந்தாறு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

விலையும் இந்தக் கோடுகளின்படிதான். முதல் கோட்டில் ஒரு எஸ்பிரெஸ்ஸோ குடிக்கும் காசுக்கு மூன்றாவது கோட்டில் இரண்டு குடிக்கலாம். எனவே இந்த ஊரில் எந்தக் கடைக்குள் நுழையும் முன்பும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது கடலிலிருந்து எத்தனாவது தெரு?

வரலாற்றில் பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்கிறது. 1834-இல் இது ஒரு சின்ன மீன்பிடி ஊர். இங்கிலாந்தின் முன்னாள் சான்சலர் ப்ரூம் பிரபு, உடல்நலமில்லாத மகளை அழைத்துக்கொண்டு குளிர்காலத்துக்கு இத்தாலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நீஸ் அப்போது பிரான்ஸில் இல்லை, சார்தீனிய ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. வார் நதிதான் எல்லை. பிரான்ஸில் காலரா என்று எல்லையை மூடிவிட்டார்கள். பிரபுவாக இருந்தாலும் வழி கிடையாது. திரும்பி வந்து கானில் ஒரு விடுதியில் தங்கினார், ஊர் பிடித்துப்போனது, சீக்கிரமே நிலம் வாங்கி மகள் பெயரில் எலெனோர் லூயிஸ் என்றொரு மாளிகை கட்டினார். மகள் 1839-இல் இறந்துவிட்டாள். அவர் குளிர்காலம்தோறும் வந்துகொண்டே இருந்தார். 1868-இல் இந்த ஊரிலேயே இறந்தார், இங்கேயே புதைக்கப்பட்டார். அவர் பின்னாலேயே ஆங்கிலேயப் பிரபுக்கள் வந்தார்கள். 1863-இல் ரயில் வந்த பிறகு ரஷ்யச் சீமான்களும் வந்தார்கள்.

அவர்கள் யாரும் கடலை ஒட்டி வீடு கட்டவில்லை. எல்லோரும் மேட்டில்தான் கட்டினார்கள். ஆங்கிலேயர் மேற்கே க்ருவா தெ கார்த் சரிவில், பின்னால் வந்தவர்கள் கிழக்கே கலிஃபோர்னி மேட்டில். இன்று கோடீஸ்வரர்கள் கார் நிறுத்த இடம் தேடும் க்ருவாசெட், அன்று மணல்மேடும் சகதியுமாகக் கிடந்த இடம். வந்தவர்களும் குளிர்காலத்துக்குத்தான் வந்தார்கள். கோடையில் பெரிய ஹோட்டல்களை இழுத்து மூடிவிடுவார்கள். வெயிலில் கறுப்பது கூலிக்காரர் லட்சணம் என்று நினைத்த காலம் அது. 1920-களின் கடைசியில்தான் வெயில் காய்வது நாகரிகம் ஆனது. அதன் பிறகுதான் கடற்கரை தங்கமானது. பெரிய ஹோட்டல்களின் பிறந்த வருடத்தைப் பார்த்தால் இது புரியும். கார்ல்டன் முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு குளிர்கால விருந்தாளிகளுக்காகக் கட்டியது. 1929-இல் வந்த மார்டினெஸ் புது நாகரிகத்தின் பிள்ளை.

க்ருவாசெட்டில் வழி தவற முடியாது. கடல் ஒரு பக்கம், கட்டிடம் ஒரு பக்கம், நடுவில் பனை மரங்கள். இருந்தாலும் ஒரு சூட்சுமம் சொல்கிறேன். கதவு எண்கள் விழா மாளிகையிலிருந்து கிழக்கே போகப் போக ஏறும். விழா மாளிகை 1. மஜெஸ்டிக் ஹோட்டல் 10. கார்ல்டன் 58. மார்டினெஸ் 73. இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்த முகவரியும் எவ்வளவு நடை என்று உடனே தெரிந்துவிடும். கார்ல்டன் பத்து நிமிட நடை, மார்டினெஸ் கால் மணி. கடைசியில் பாம் பீச் இருக்கும் முனை வரை போக அரை மணிக்கு மேல் ஆகும், அதற்குள் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். ஊர்க்காரர்களிடம் வழி கேட்டாலும் தெருப் பெயர் வராது. "மார்டினெஸ் தாண்டி", "மஜெஸ்டிக் பின்னால்" என்பார்கள். கேட்கும் முன் "போன்ழூர்" சொல்ல மறக்க வேண்டாம். அதைச் சொல்லாமல் நேரே கேள்விக்குப் போனால், பதில் வரும், ஆனால் முகம் வராது.

கார்ல்டனின் இரண்டு மூலைக் கோபுரங்களைக் காட்டி, அவை லா பெல் ஒத்தேரோ என்ற அந்தக் காலத்து நடனக்காரியின் மார்பகங்களைப் பார்த்துச் செய்தவை என்று எல்லா வழிகாட்டிகளும் கண்சிமிட்டிச் சொல்வார்கள். கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள். ஹிட்ச்காக் 'டு கேட்ச் எ தீஃப்' படத்தின் சில காட்சிகளை எடுத்தது இந்த ஹோட்டலில்தான். அது வெளிவந்த 1955-ஆம் வருடமே, திரைப்பட விழாவுக்கு வந்த அதன் நாயகி கிரேஸ் கெல்லி, மொனாக்கோ இளவரசரை முதன்முதலாகச் சந்தித்தார். மார்டினெஸின் கதை இதைவிடக் கசப்பு. கட்டிய எமானுவேல் மார்டினெஸ் ஜெர்மானியரோடு ஒத்துழைத்தார் என்று பிரான்ஸ் விடுதலையான கையோடு அரசு ஹோட்டலை முடக்கியது. குற்றச்சாட்டிலிருந்து அவர் பின்னர் விடுபட்டார், ஹோட்டல் மட்டும் கைக்குத் திரும்பவில்லை. குடும்பம் பல பத்தாண்டுகள் கோர்ட் படி ஏறியது. வாசலில் காவலாளி கதவு திறந்துவிடும் நேர்த்தியைப் பார்த்தால் இதெல்லாம் யாருக்கும் தோன்றாது.

உள்ளதைச் சொன்னால் க்ருவாசெட் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டது. சானல், தியோர் கடைக் கண்ணாடிகள் உலகம் பூராவும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, துபாயில் பார்த்தாலும் அதே கைப்பைதான். அலுக்காத விஷயம் சாலைக்குக் கீழே இருந்தது. அது மணல்.

நீஸில் கூழாங்கல், இங்கே மணல். அந்த மணலும் முழுக்க இயற்கை கொடுத்ததில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டி அகலப்படுத்தியது. க்ருவாசெட்டை ஒட்டிய கரையில் பெரும்பகுதி ஹோட்டல்களும் உணவகங்களும் குத்தகைக்கு எடுத்தது. கடலுக்கு முன்வரிசைப் படுக்கைக்கு ஒரு வாடகை, பின்வரிசைக்கு ஒரு வாடகை. குடைகளின் நிறத்தை வைத்தே எது யாருடைய எல்லை என்று சொல்லிவிடலாம். மேலே சாலையிலிருந்து எட்டிப் பார்க்கிறவருக்கு இது முழுக்கத் தனியார் சொத்து, நாம் காலை வைத்தால் விரட்டுவார்கள் என்றுதான் தோன்றும்.

சட்டம் வேறு மாதிரி. பிரான்ஸில் கடற்கரை அரசின் பொதுச் சொத்து. யாருக்கும் விற்க முடியாது, குத்தகைக்குத்தான் விடலாம். குத்தகைக்காரர் தண்ணீரை ஒட்டி, நடந்து போகிறவர்களுக்கு ஒரு பட்டை அகலத்தைக் காலியாக விட்டே ஆக வேண்டும். ஆகவே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விழா மாளிகைக்குப் பக்கத்திலிருந்து ஈர மணலிலேயே கிழக்கே நடக்கலாம். நடுநடுவே படகு வந்து நிற்கும் மரப்பாலங்கள் குறுக்கிடும், அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒருபுறம் கால் நனையும், மறுபுறம் பனிக்கட்டி வாளியில் ஷாம்பெயின் சாய்ந்து கிடக்கும். பரிசாரகர் தட்டோடு குறுக்கே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். ஒரே ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். நான் "போன்ழூர்" சொன்னேன். அவரும் சொன்னார்.

உட்கார்ந்து குளிக்க வேண்டும் என்றால் காசில்லாத இடங்கள் க்ருவாசெட்டிலேயே இருக்கின்றன. விழா மாளிகையை ஒட்டி மாசே கடற்கரை, கிழக்கே ஸாமென்ஹோஃப், முனைப் பக்கம் பிழூ. ஜூலை, ஆகஸ்டில் காலை பத்து மணிக்கு மேல் போனால் துண்டு விரிக்க இடம் கிடைக்காது. ஊர்க்காரர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. அவர்கள் சூக்கே குன்றுக்கு மேற்கே மிதி கடற்கரைக்கும், அதையும் தாண்டி லா பொக்காவுக்கும் போகிறார்கள். அங்கே நீளமான கரை, பின்னாலேயே ரயில் தண்டவாளம். பாட்டிகள் மடக்கு நாற்காலியோடு வந்து சீட்டாடுகிறார்கள். பகல் முழுக்க வெயில், கடைசியில் எஸ்தெரெல் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதும் இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டுக்குத் துறைமுகத்தின் பின்பக்கம் வாருங்கள். நகராட்சிக் கட்டிடத்துக்கு எதிரே உள்ளூர் பஸ்கள் கூடும் இடம். ஒரு சுவர் முழுக்கச் சினிமாப் பாத்திரங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், தொலைவிலிருந்தே தெரியும். வழி தவறினால் அந்தச் சுவரைத் தேடிப் பிடித்தால் போதும். கடல் பக்கம் பிளேன் மர நிழலில் ஒரு மைதானம், பூச்சந்தை, பெத்தாங் விளையாடும் கிழவர்கள். இரும்புக் குண்டு விழுந்த தூரத்தை அளக்கக் குனிந்து, நிமிர்ந்து, சண்டை பிடித்து, மறுபடி குனிந்து அளக்கிறார்கள். அங்கே பக்கத்துச் சதுக்கத்தில் ப்ரூம் பிரபு சிலையாக நிற்கிறார். அவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அதற்குப் பின்னால் மெய்னாதியே தெரு. கார் வராத ஒடுங்கிய கடைத்தெரு. பாலாடைக்கட்டிக் கடை, கையால் செய்த பாஸ்தா, மலிவான துணி, சோப்பு. அதன் மேற்குக் கோடியில் ஃபோர்வில் சந்தை. காலையில் போக வேண்டும், மதியம் ஒரு மணிக்கு மேல் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை காய்கறி கிடையாது, அன்றைக்குப் பழம்பொருள் சந்தை. மற்ற நாட்களில் உள்ளூர் மீனவர்கள் ராத்திரி பிடித்ததைச் சின்னச் சின்னக் குவியலாகப் பரப்பியிருப்பார்கள். நட்சத்திர ஹோட்டல் சமையல்காரரும் பக்கத்துத் தெருக் கிழவியும் ஒரே தட்டில் குனிந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற இடம் இந்த ஊரில் இது ஒன்றுதான்.

அங்கே சோக்கா சாப்பிடாமல் வரக் கூடாது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. இவ்வளவுதான். நம்மூர் அடையைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து ஊற்றினால் எப்படியோ அப்படி. ஆனால் கல் என்று பார்த்தால் ஒரு ஆள் கையை விரித்தாலும் போதாத அகலத் தாமிரத் தட்டு, விறகு அடுப்புக்குள் அப்படியே போகும். மேலே அங்கங்கே கரிந்து, உள்ளே குழைவாக வெளியே வரும். வட்டமாக வெட்டுவதெல்லாம் இல்லை. கரண்டியால் சுரண்டிக் காகிதத்தில் போட்டு, மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக் கொடுப்பார்கள். ஆறினால் ரப்பர், நின்றபடியே சாப்பிட்டுவிட வேண்டும். சைவக்காரர்களுக்கு இந்தக் கரையில் நம்பிக்கையான காலைச் சாப்பாடு இது. நானாக இருந்தால் ஒரு சட்னியும் வைத்திருப்பேன்.

சந்தையிலிருந்து சூக்கே குன்றுக்கு ஏறலாம். சேன்ட் ஆந்த்வான் தெரு வழியாகப் போனால் இரண்டு பக்கமும் உணவக மேசைகள், மெனு அட்டையோடு கூப்பிடும் பையன்கள். பக்கத்து முடுக்குகளில் ஏறினால் துணி காயும் ஜன்னல்களும் பூனைகளும்தான். உச்சியில் நோத்ர் தாம் தெஸ்பெரான்ஸ் தேவாலயம், எதிரே கடலில் தெரியும் அந்த இரண்டு லெரின் தீவுகளின் துறவிகள் கட்டிய பழைய கோட்டை. அந்தக் காலத்தில் கான் ஊரே அந்தத் துறவிகளின் சொத்து. கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகம். லிக்லாமா என்ற டச்சுப் பிரபு 1877-இல் தன் சேகரிப்பைக் கொடுத்துத் தொடங்கியது. இமயமலைப் பகுதி முகமூடிகளும் உலகின் பல மூலை வாத்தியங்களும் இருக்கின்றன. கூட்டமே இல்லை. சதுரக் கோபுரத்தில் நூறு படிகளுக்கு மேல் ஏறினால், நான் மேலே சொன்ன கோடுகள் எல்லாம் அப்படியே காலடியில் விரிந்து கிடக்கும். முதல் நாளே இங்கே ஏறிவிடுவது நல்லது. செல்போன் வரைபடம் தேவைப்படாது.

இனித் திரைப்பட விழா. அதைச் சொல்லாமல் கான் கட்டுரையை ஆசிரியர் வாங்கிக்கொள்ள மாட்டார். வெனிஸ் விழாவில் முசோலினி, ஹிட்லர் ஆட்களின் கை ஓங்கியதால், அதற்குப் போட்டியாகப் பிரெஞ்சுக்காரர்கள் திட்டமிட்டது இது. 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்க வேண்டியது. அன்றைக்குத்தான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. விழா 1946-இல்தான் நடந்தது. அந்த முதல் விழாவில் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் ஒன்று சேதன் ஆனந்தின் 'நீச்சா நகர்'. இப்போதிருக்கும் மாளிகை 1982-இல் திறந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பங்கர். பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். உலகப் புகழ்பெற்ற அந்தப் படிக்கட்டு மொத்தம் 24 படி. விழா இல்லாத நாட்களில் கல்யாண ஜோடிகளும் ஐஸ்கிரீம் பிடித்த பிள்ளைகளும் அதில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள், தடுப்பார் இல்லை. கீழ்த்தளத்தில் சுற்றுலா அலுவலகம், வரைபடம் இலவசம்.

மே மாதம் விழா நடக்கும்போது போனால் வேறு ஊர். மாலைக் காட்சிக்கு டிக்கெட் விற்பனை கிடையாது, அழைப்பு வேண்டும். அழைப்பு இருந்தாலும் அடர்நிறக் கோட்டும் டையும் வேண்டும். 2015-இல் தட்டைச் செருப்பு போட்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பியதாகப் பெரிய ரகளை ஆனது. டை கட்டிய பையன்கள் "ஒரு அழைப்பு தாருங்கள்" என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். சிலருக்குக் கிடைத்தும்விடுகிறது.

அங்கே எனக்குப் பிடித்த காட்சி படிக்கட்டில் இல்லை, எதிரே. தடுப்புக் கம்பிகளுக்கு வெளியே வரிசையாக அலுமினிய ஏணிகள். வீட்டில் பல்பு மாற்றுவதற்கு வைத்திருப்போமே, அந்த மடக்கு ஏணி. விழா தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே ஓய்வுபெற்றவர்களும் குடும்பத் தலைவிகளும் இவற்றைக் கொண்டுவந்து, சைக்கிள் பூட்டும் சங்கிலியும் போட்டுக் கம்பியோடு கட்டிவைத்து இடம் பிடிக்கிறார்கள். யாருடைய ஏணி எது என்று எல்லோருக்கும் தெரியும். வருடா வருடம் அதே முகங்கள். மாலையானதும் தலைக்கு வெயில் தொப்பி, மடியில் சாண்ட்விச் பொட்டலம், கழுத்தில் கேமரா சகிதம் மேல் படியில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நடிகர் யார், இயக்குநர் யார், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அழைப்பில்லாதவர்களுக்கு வேறு வாசல்கள் உண்டு. மாசே கடற்கரையில் இரவில் திரை கட்டிப் பொதுமக்களுக்கு இலவசமாகப் படம் போடுகிறார்கள். 1969-இலிருந்து தனியாக நடக்கும் 'இயக்குநர்களின் இருவாரம்' பிரிவில் பொதுமக்களுக்கு டிக்கெட்டும் விற்கிறார்கள். காட்சி நடப்பது மேரியட் ஹோட்டலுக்குள் இருக்கும் அரங்கில். விழாவின் பழைய மாளிகையை இடித்த இடத்தில்தான் அந்த ஹோட்டலே நிற்கிறது.

2015-இல் தங்கப் பனை விருது வாங்கியது ழாக் ஓதியாரின் 'தீபன்'. படத்தின் பெரும்பகுதி வசனம் தமிழ். நாயகனாக நடித்த அந்தோணிதாசன் யேசுதாசன் வேறு யாருமில்லை, நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. ஈழத்திலிருந்து அகதியாகப் பிரான்ஸ் வந்து, பாரிஸில் பல வேலைகள் பார்த்துக்கொண்டே கதை எழுதியவர். அந்த வருடம் அந்த 24 படிகளில் ஏறிய தமிழர்களில் அவரும், சென்னை நாடக மேடையிலிருந்து போன காளீஸ்வரி சீனிவாசனும் உண்டு. இந்த ஊரின் பளபளப்பைப் பற்றி எத்தனை கிண்டல் செய்தாலும், போலி பாஸ்போர்ட்டில் குடும்பமாக நடித்துத் தப்பும் மூவரின் கதைக்கு உச்ச விருதைக் கொடுத்த ஊர் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு முழு நாள் மிச்சம் இருந்தால் தீவுக்குப் போங்கள். பழைய துறைமுகத்தின் மேற்குக் கோடியில், பெரிய கார் நிறுத்தத்தைத் தாண்டி லோபெஃப் படகுத்துறை. அங்கே கவனம் தேவை. இரண்டு தீவுகளுக்கும் தனித்தனிப் படகு, தனித்தனிக் கவுன்டர். ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று வரிசையில் நின்றால் ஏமாற்றம்தான். ஒன்றைப் பார்த்துத் திரும்பி வந்து மற்றொன்றுக்கு ஏற வேண்டும். பெரிய தீவான சேன்ட் மார்கரீத்துக்குக் கால் மணி நேரப் பயணம். பைன், யூகலிப்டஸ் காடு, பாறைக் கரை, கார் கிடையாது. கோட்டைச் சிறையில்தான் இரும்பு முகமூடி மனிதன் என்ற அடையாளம் தெரியாத கைதியை 1687 முதல் 1698 வரை அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு பாரிஸ் பஸ்தீய் சிறைக்கு மாற்றினார்கள். முகமூடி இரும்பில்லை, வெல்வெட் துணியாக இருக்கலாம் என்கிறார்கள். யார் என்பது இன்றுவரை வழக்கில் இருக்கிறது. எல்லோரும் அந்த அறையைப் பார்த்துவிட்டுப் படகுக்கு ஓடுகிறார்கள். 1843-இல் அல்ஜீரியத் தலைவர் அப்துல் காதிரின் பாளையத்தைப் பிரெஞ்சுப் படை பிடித்தபோது, அவருடைய ஆட்களைப் பெண்டு பிள்ளைகளோடு கொண்டுவந்து அடைத்ததும் இங்கேதான். இறந்தவர்களின் கல்லறைகள் தீவிலேயே இருக்கின்றன. அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

சின்னத் தீவு சேன்ட் ஓனோரா, ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து துறவிகளின் இடம். இப்போது சிஸ்டர்சியன் சபையினர் இருக்கிறார்கள். சுமார் 8 ஹெக்டேரில் திராட்சை பயிரிட்டு வைன் செய்கிறார்கள், தங்கள் படகையும் தாங்களே இயக்குகிறார்கள். வைன் விலையைப் பார்த்தால் துறவு சபைக்குத்தான், பாட்டிலுக்கு இல்லை என்று தெரியும். அக்கரையில் சொகுசுப் படகுகள் நங்கூரம் போட்டுப் பாட்டு வைத்திருந்தாலும் கொடித் தோட்டத்துக்குள் குரல் தாழ்த்திப் பேசுங்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டு தீவுக்கும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், பருவத்துக்குப் பருவம் மாறும்.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: வெப்பநிலையைப் பார்ப்பதற்கு முன் விழா மாளிகையின் நாட்காட்டியைப் பாருங்கள். மார்ச்சில் ரியல் எஸ்டேட் சந்தை, மேயில் சினிமா, ஜூனில் விளம்பரக்காரர்கள், செப்டம்பரில் உல்லாசப் படகுக் கண்காட்சி, அக்டோபரில் தொலைக்காட்சி வியாபாரிகள். இந்த வாரங்களில் மூன்றாவது கோட்டு லாட்ஜ்கூட முதல் கோட்டு விலை கேட்கும். ஒரு வாரம் முன்போ பின்போ தேதியை நகர்த்தினால் அதே அறை பாதி விலைக்கு இறங்கும். அப்படியும் கட்டுப்படியாகவில்லை என்றால் லா பொக்காவிலோ, கார்னோ சாலையில் மேலே ஏறி லெ கான்னேயிலோ அறை எடுங்கள். லெ கான்னேயில்தான் ஓவியர் பொன்னார் கடைசிவரை வாழ்ந்தார், அவருக்கென்று ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மாதம் பிப்ரவரி. க்ருவா தெ கார்த் மேடு முழுக்க மிமோசா மஞ்சளாகப் பூத்திருக்கும், நடக்க வெயில் இதமாக இருக்கும், கடலில் இறங்கத்தான் முடியாது. அந்த மாதத்தில் கார்ல்டனில் காபிக்கு உட்கார்ந்தால்கூட ஜன்னலோர மேசை கேட்காமலே கிடைக்கிறது. விலை மட்டும் குறைவதில்லை.

(அடுத்த வாரம்: ஆன்டீப்)